மூன்றாம் எண் தொப்பி

ஜனவரி 12

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணன் எழுதுகிறேன். நான் நலம். காதைத் தவிர மற்ற உறுப்புகள் எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கின்றன. உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா? போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியதில் "அண்ணா" மட்டும்தான் எனக்குப் புரிந்தது. மற்றதெல்லாம் தண்ணீர் கொதிக்கிற மாதிரி இருந்தது. இனிமேல் கடிதமே போடு.

விஷயத்துக்கு வருகிறேன். ஆறாம் எண் கிடைத்துவிட்டது!

பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு சைக்கிள் கடை. பஞ்சர் பார்க்க ட்யூபை முக்குகிற தண்ணீர்ப் பாத்திரம் வாசலில் இருந்தது. கால் தானாக நின்றுவிட்டது. விளிம்பைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். கடைக்காரரிடம் கேட்டேன். "இதுவா? எங்கப்பா காலத்துலேருந்து இதுலதான் முக்கறோம். இதைக் குடுத்துட்டு நான் எதுல முக்கறது?" என்று என் காதருகே கத்தினார். பிளாஸ்டிக் டப் ஒன்று வாங்கி வந்து வைத்த பிறகு சமாதானமானார். ஆனாலும் நான் போகிற வரைக்கும் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்.

வீட்டில் தின்னரும் பஞ்சுமாக நான்கு நாள் உட்கார்ந்தேன். பச்சைப் பெயின்டுக்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே எங்கள் கப்பலின் சாம்பல் நிறம், அதில் வெள்ளையாக 6. எண்ணுக்கு அடியில் மூன்று புள்ளிகள். எங்கள் பீரங்கியின் ஏழு பேருடைய இரும்புத் தொப்பியிலும் அந்தப் புள்ளிகள் உண்டு. கப்பலை உடைத்தபோது எல்லாவற்றையும் பழைய இரும்பாக அள்ளிப் போட்டுவிட்டார்கள். பதினாறு வருஷம் தேடி ஆறு தொப்பி சேர்த்திருக்கிறேன். துறைமுக அருங்காட்சியகத்துக் காப்பாளர் அம்மா நேரில் வந்து பார்த்தார். செப்டம்பரில் ஒரு கண்ணாடிப் பெட்டி முழுக்க எங்கள் பீரங்கிக்கே தருகிறாராம்.

ஆறாம் எண்ணின் உள்பட்டை மக்கிப் போய்விட்டது. தோலும் அளவும் பார்சலில் அனுப்புகிறேன். உன் பெரிய மெஷினில் தைத்துக் கொடு.

உடம்பைப் பார்த்துக்கொள். ஏணியில் ஏறாதே.

அண்ணன்

•

ஜனவரி 29

அண்ணாவுக்கு,

பாப்பா எழுதறேன். முழங்கால் பரவாயில்லை, இறங்கும்போதுதான் திட்டுது. உனக்கு பிரஷர் மாத்திரை தீர்ந்திருக்குமே, வாங்கினியா? வாங்கினேன்னு பொய் எழுதாதே, அட்டையைக் கவர்ல போட்டு அனுப்பு.

உள்பட்டையைத் தைச்சு இதோட அனுப்பியிருக்கேன். எட்டு மடிப்பும் சரியா உக்காரும். ஒரு ஆட்டோக்காரர் சீட் கவருக்காக வாசல்ல ரெண்டு மணி நேரம் காத்திருந்தார். "என்னம்மா தைக்கறீங்க, இவ்ளோ சின்னதா?"ன்னு கேட்டார். "எங்க அண்ணனோட தொப்பிக்கு"ன்னேன். "வெயில்ல போறவரா?"ன்னார். "இல்லை, வீட்டுக்குள்ளேயே வெச்சுப் பார்த்துக்கிட்டிருப்பார்"ன்னேன். அவர் போய்த் தன் ஆட்டோவுல உக்காந்துக்கிட்டார்.

ஆறு கிடைச்சாச்சு, சந்தோஷம். ஏழு பேர்னு எழுதியிருக்க. பாக்கி எந்த நம்பர்னு எழுதலையே?

நேரத்துக்குச் சாப்பிடு. நின்னுக்கிட்டுச் சாப்பிடாதே.

பாப்பா

•

பிப்ரவரி 8

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலம். மாத்திரை அட்டை இணைத்திருக்கிறேன், ஐந்து தின்றது தெரியும், எண்ணிக்கொள். நீயும் மூட்டுக்குத் தைலம் தடவுகிறாயா?

தையலைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கப்பலில் கொடுத்ததே இவ்வளவு நன்றாக இருந்ததில்லை. கப்பலில் கொடுத்ததைப் போட்டால் நெற்றியில் வடு விழும்.

காப்பாளர் அம்மா ஒவ்வொரு தொப்பிக்கும் பக்கத்தில் வைக்க ஒரு சீட்டு கேட்கிறார். யார், என்ன வேலை என்று. எழுதியிருக்கிறேன். ஒன்று, குறி பார்ப்பவர், எங்களுக்கு அவர் வாத்தியார். இரண்டு, பீரங்கியைத் திருப்புபவர். நான்கு, ஐந்து, ஆறு, குண்டு தூக்கிக் கொடுப்பவர்கள். ஏழு, போன்காரன், அதாவது நான். மேல்தளத்து அதிகாரி போனில் சொல்வதைக் கேட்டு அதையே உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதனால்தான் என்னைக் 'கிளி' என்றார்கள். காதில் மாட்டிய போனுக்கு மேலே கவிழ்க்க வேண்டும் என்பதால் ஏழாம் எண் மட்டும் மற்றதைவிடப் பெரிது. இன்றைக்குப் போட்டால் கழுத்து வரை இறங்குகிறது.

அது கிடக்கட்டும். கேட்க வேண்டும் என்று நினைத்தேன். மாப்பிள்ளையின் பழைய சாமான்களை எல்லாம் என்ன செய்தாய்? சும்மாதான் கேட்கிறேன்.

குளிர்ந்த தண்ணீரில் துணி அலசாதே.

அண்ணன்

•

மார்ச் 2

அண்ணாவுக்கு,

நல்லா இருக்கேன். தைலம் தடவறேன், அந்த வாசனைக்கு வாடிக்கைக்காரங்க ரெண்டடி தள்ளி நிக்கறாங்க. உன் தலைசுத்தல் எப்படி இருக்கு?

நீ எழுதினதை விரல் விட்டு எண்ணினேன். ஒண்ணு, ரெண்டு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு. மூணை முழுங்கிட்டியே. மூணாவது ஆள் என் வீட்டுக்காரர். பீரங்கியோட பின்கதவைத் திறந்து மூடற வேலை. நீங்க எல்லாரும் 'பூட்டு'ன்னு கூப்பிட்டீங்க. ஞாபகம் இருக்கும்னு நினைக்கறேன்.

சாமான் கேட்டியே. சட்டைகளை மாடிவீட்டுக்காரர் வாங்கிக்கிட்டார், அவருக்குத் தோள் கொஞ்சம் லூசு. கண்ணாடி என் டிராயர்ல இருக்கு. ரெண்டு ஜோடி செருப்பைத் தூக்கிப் போட்டேன். ரெக்ஸின் வெட்ட அவர் வாங்கின கத்திரிக்கோலை நான்தான் வெச்சு வெட்டறேன். இடது கையில ரெண்டு விரலை மட்டும் வெச்சுக்கிட்டு அந்த மனுஷன் எப்படித் துணியைப் பிடிச்சுக்கிட்டு நேர்கோடா வெட்டினாரோ, பத்து விரல் இருக்கற எனக்குக் கோணுது.

வேற எதையும் நான் யாருக்கும் குடுக்கலை.

அவர் போய் நாலு வருஷம் ஆச்சு. அன்னிக்கு வந்துட்டுப் போனவன், அதுக்கப்புறம் இந்தப் படி ஏறலை. அதுக்கு முன்னாடியும் வந்தா அரைநாள், செருப்பைக் கழட்டும்போதே பஸ் எத்தனை மணிக்குன்னு கேப்ப. ஏன்னு நான் கேக்கலை. வந்தா நல்லாருக்கும்னு மட்டும் எழுதறேன்.

மோர் குடி. வெயில் ஆரம்பிச்சாச்சு.

பாப்பா

•

மார்ச் 10

அன்புள்ள பாப்பாவுக்கு,

சுகமே. உன் சுகத்துக்கு எழுது.

வர ஆசைதான். ஆனால் இடுப்பு இந்த மாதம் ஒத்துழைக்கவில்லை. ரயிலில் கீழ் பெர்த் கிடைப்பதும் கஷ்டம்.

பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவர் அதே அளவில் ஒரு தொப்பி வைத்திருக்கிறார். வேறு கப்பல். "எந்த நம்பர் வேணுமோ எழுதித் தர்றேன் சார், பழைய பெயின்ட் மாதிரியே இருக்கும், உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது" என்கிறார். யோசிக்கிறேன். கண்ணாடிப் பெட்டியில் நடுவே ஓர் இடம் காலியாக இருந்தால் பல் விழுந்த மாதிரி இருக்கும்.

காப்பாளர் அம்மா பீரங்கியின் கதையையும் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். எழுதிவிட்டேன், ஒரு நாளைத் தவிர.

அண்ணன்

•

ஏப்ரல் 27

அண்ணாவுக்கு,

உடம்பு தேவலாமா? எனக்கு ஒண்ணுமில்லை. பதில் எழுத லேட்டானது வேலையால இல்லை. நீயா கேப்பேன்னு காத்திருந்தேன். நீ கேக்க மாட்ட. அதனால நானே சொல்லிடறேன்.

மூணாம் நம்பர் தொப்பி என்கிட்டதான் இருக்கு. உனக்கும் அது தெரியும். கையில அடிபட்டு இருந்தவரை ஆஸ்பத்திரியிலேருந்து அனுப்பும்போது துணிமணியோட சேர்த்து மூட்டையில கட்டிக் குடுத்தாங்க. கடையில என் மெஷினுக்கு வலது பக்கம், வார் பிடிச்சு ஆணியில தொங்குது. உள்ளே பிரஸ் பட்டன் போட்டு வெச்சிருக்கேன். ஒரு நாளைக்கு முப்பது தடவை அதுக்குள்ள கையை விடறேன். அவர் காரியத்தன்னிக்கு நீ கடைக்குள்ள வந்த, அதைப் பார்த்த, பார்த்துட்டு "காத்தாட நிக்கறேன்"னு வெளியே போய் நின்ன. சாயங்காலம் வரைக்கும் உள்ளே வரலை.

பொய்த் தொப்பியில நம்பர் எழுதி வைக்காதே. உன்னைத் தவிர யாருக்கும் தெரியாதுன்னு அந்த ஆள் சொன்னானாமே. எனக்குத் தெரியும்.

ஊர் பேர் தெரியாதவன்கிட்ட எல்லாம் போய் ட்யூப் முக்கற பாத்திரத்தைக் கேட்டு வாங்கற. கூடப் பிறந்தவகிட்ட ஒரு வார்த்தை கேக்க முடியலையா? அப்படி என்ன அண்ணா?

மாத்திரை போட்டுக்கோ.

பாப்பா

•

மே 30

அன்புள்ள பாப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன், நீயும் நன்றாக இருக்க வேண்டும். இதைப் படித்த பிறகும்.

நீ கேட்டதால் எழுதுகிறேன். கேட்கவில்லை என்றால் செத்த பிறகும் சொல்லியிருக்க மாட்டேன்.

அன்றைக்குப் பயிற்சிச் சூடு. காலை பத்து மணி இருக்கும், கடல் கண்ணாடி மாதிரி கிடந்தது. பதினோரு குண்டு நன்றாகப் போயின. பன்னிரண்டாவது போகவில்லை. விசையை அழுத்தியும் வெடிக்கவில்லை. அப்படி ஆனால் அரைமணி நேரம் பின்கதவைத் தொடவே கூடாது. உள்ளே மருந்து கனன்றுகொண்டிருக்கலாம். "திறக்காதே, காத்திரு" என்று மேலே இருந்து போனில் உத்தரவு வரும். அதை நான் கத்த வேண்டும். அதற்குத்தான் நான் அங்கே நின்றேன். எனக்கு வேறு வேலையே கிடையாது.

அதற்குக் கொஞ்சம் முன்னால் வாத்தியார் ஏதோ வேடிக்கையாகச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கேட்கவில்லையே என்று ஒரு பக்கத்துக் காதுபோனைத் தூக்கி, "என்ன, என்ன?" என்று கேட்டேன். அந்த நேரத்தில்தான் உத்தரவு வந்தது. ஒரு காதில் மட்டும் விழுந்தது. என்ன என்று பிடிபட ஒரு கணம், வாயைத் திறக்க ஒரு கணம். "திறக்காதே!" என்று நான் கத்தியபோது கதவு திறந்திருந்தது. மஞ்சளாக ஒரு நாக்கு வந்து போனது. மாப்பிள்ளை விழவில்லை. நின்றபடியே தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "கிளி, என் கையில என்னமோ ஆச்சு பாரு" என்றான்.

விசாரணையில் நான் லேட்டாகச் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டேன். என்னைக் கப்பலிலிருந்து இறக்கி ஸ்டோரில் போட்டார்கள். ஓய்வு பெறுகிற வரைக்கும் கயிறும் சோப்பும் எண்ணினேன். அதில் எனக்கு வருத்தமில்லை.

இன்னொன்று இருக்கிறது. அவனுக்கு யாருமில்லை என்று நான்தான் நம் வீட்டுக்கு அழைத்து வந்தேன். கட்டு மாற்ற உன்னைத்தான் பழக்கினேன். அவன் வந்த ஏழாவது மாதம் அம்மாவிடம் கல்யாணப் பேச்சை எடுத்ததும் நான்தான். நல்ல பையன் என்று சொன்னேன். அது உண்மைதான். ஆனால் அதற்காகச் சொல்லவில்லை. அவனிடமிருந்து எடுத்ததற்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று இருந்தது. என்னிடம் கொடுக்க இருந்தது நீதான். உனக்கு வயது இருபத்து நான்கு. உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதனால்தான் படி ஏற முடியவில்லை. நீ டம்ளரில் டீ கொண்டு வந்து வைப்பாய், அவன் சட்டைக் கையை மடித்து விடுவாய், நான் எந்தப் பக்கம் பார்ப்பது?

பதில் எழுது. திட்டியாவது எழுது.

அண்ணன்

•

ஜூலை 14

பாப்பாவுக்கு,

ஆறு வாரம் ஆகிறது. கடிதம் வரவில்லை. தபால்காரரிடம் இரண்டு முறை கேட்டேன், மூன்றாம் முறை அவரே தூரத்திலிருந்து கையை விரித்துக் காட்டிவிட்டுப் போகிறார். உனக்கு உடம்பு சரியில்லையா? அதை மட்டுமாவது எழுது. பொய்த் தொப்பியை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அண்ணன்

•

ஜூலை 26

அண்ணாவுக்கு,

உடம்புக்கு ஒண்ணும் இல்லை. உன் கடிதம் அஞ்சு தடவை படிச்சு, நாலு பதில் எழுதிக் கிழிச்சேன். இது அஞ்சாவது.

முதல்ல கோபத்தைச் சொல்லிடறேன், இல்லாட்டி மத்தது வராது. நான் என்ன நஷ்ட ஈடா? தூக்கிக் குடுக்கறதுக்கு நான் உன் கைக்கடிகாரமா? முப்பத்தெட்டு வருஷமா என்னை அப்படியா நினைச்சுக்கிட்டிருந்த? சீட் கவர் தைக்கறப்ப உன் கடிதம் ஞாபகம் வந்து ரெண்டு ஊசியை உடைச்சேன்.

அண்ணா, நீ கட்டி வைக்கலை. நான் கட்டிக்கிட்டேன். நீ அம்மாகிட்ட பேசினதுக்கு மூணு வாரம் முன்னாடியே நான் அவர்கிட்ட கேட்டாச்சு. பின்கட்டுல உக்காந்து சட்டை பட்டனை ஒத்தைக் கையால போடப் பார்த்துக்கிட்டிருந்தார். பத்து நிமிஷமா ஒரே பட்டன். நான் போட்டு விடப் போனேன். "வேண்டாம், இன்னிக்கு இதை விடறதில்லை"ன்னார். போட்டு முடிச்சுட்டு என்னைப் பார்த்துச் சிரிச்சார் பாரு. "என்னைக் கட்டிக்கறீங்களா?"ன்னு கேட்டுட்டேன். யோசிக்கவே இல்லை. நீ பேசினப்போ நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னது வெக்கத்துல இல்லை, சிரிப்பை அடக்கறதுக்கு.

இப்போ சொல்ல வேண்டியது. இதுக்குத்தான் அத்தனை காகிதம் கிழிச்சேன்.

நான் கேட்டதும் அவர் சரின்னு சொல்லலை. "உங்க அண்ணன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும், அதுக்கு அப்புறம்தான்"ன்னார். என்னன்னு கேட்டேன். சொன்னார். நீ கத்தினது அவருக்குக் கேட்டதாம். அப்போ கதவுப் பிடியில கை வெச்சிருந்தாராம், இன்னும் திறக்கலையாம். "திறக்காதே"ன்னு நீ கத்தினது தெளிவா காதுல விழுந்ததாம். அதுக்கு முன்னாடி ரெண்டு தடவை அப்படி நின்ன குண்டை அவர் உடனே திறந்து எடுத்திருக்கார், ஒண்ணும் ஆகலை. இதுவும் அப்படித்தான்னு நினைச்சுத் திறந்துட்டார். அப்புறம் அதிகாரி ஆஸ்பத்திரிக்கு வந்து, "சத்தம் எப்போ கேட்டுச்சு?"ன்னு கேட்டப்ப, "எனக்கு எதுவும் கேக்கலை"ன்னு சொல்லிட்டார். பயம். அடுத்த நாள் நீ உன் மேல போட்டுக்கிட்டது தெரிஞ்சுது. அதுக்கப்புறம் வாயைத் திறக்க முடியலையாம்.

நீ சொல்றது சரியா, அவர் சொன்னது சரியா, எனக்குத் தெரியாது. ஒரு கணம் முன்னே பின்னே. நான் அங்கே இல்லை.

ஆனா அன்னிக்கு அவர் எழுந்து உன்கிட்ட வரத்தான் கிளம்பினார். நீ முன்னறையில பேப்பர் படிச்சுக்கிட்டிருந்த. நான் அவர் சட்டையைப் பிடிச்சு இழுத்து உக்கார வெச்சேன். "இப்போ வேண்டாம், கல்யாணம் ஆகட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்"னேன். நீ கோபப்பட்டு அவரை வெளியே அனுப்பிடுவியோன்னு பயந்தேன். கல்யாணம் ஆச்சு. அப்புறம் குழந்தை பிறக்கட்டும்னேன். அப்புறம் அவர் கேக்கறதை விட்டுட்டார். கடைசி மாசம் படுக்கையில "கிளிகிட்ட..."ன்னு ஆரம்பிச்சார். "நான் சொல்லிக்கறேன், நீங்க தூங்குங்க"ன்னேன். சொல்லலை. நாலு வருஷமா உன் கடிதத்துக்கு எல்லாம் முழங்கால் வலின்னு பதில் போட்டுக்கிட்டிருந்தேன்.

நீ கயிறும் சோப்பும் எண்ணினது எங்களால. அப்புறம்னு சொன்னது நான் அண்ணா. அவர் இல்லை.

தொப்பி வேணும்னா பார்சல் பண்ணி அனுப்பறேன். பட்டனைக் கொட்டிட்டேன்.

பாப்பா

•

ஆகஸ்ட் 9

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலம். உன் கடிதம் வந்த அன்று சாப்பிடவில்லை, அடுத்த நாள் இரண்டு நாளைக்குச் சேர்த்துச் சாப்பிட்டேன். மாத்திரையும் போட்டேன்.

முதலில் கோபம்தான் வந்தது, மறைக்க மாட்டேன். அவன் மேல் வந்தது, பிறகு உன் மேல் வந்தது. எழுந்து கடற்கரை ரோட்டில் நடந்தேன். மீன் ஏலத்தில் ஆட்கள் வாயைத் திறந்து திறந்து மூடினார்கள், எனக்கு ஒரு சத்தமும் இல்லை. அங்கே நின்றபோது ஒன்று தோன்றியது. நான் கத்தியது அவனுக்குக் கேட்டிருக்கிறது. சரியான நேரமோ இல்லையோ, அவன் காதுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. இத்தனை வருஷம் என் கனவில் நான் கத்துவேன், சத்தமே வராது. நேற்றும் முந்தாநாளும் அந்தக் கனவு வரவில்லை.

அவன் எழுந்து வந்து சொல்லியிருந்தால் அன்றைக்கு நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். வெளியே அனுப்பித்தான் இருப்பேன். எனக்கு அப்போது அவ்வளவுதான் புத்தி. அதனால் நீ சட்டையைப் பிடித்து இழுத்ததைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. ஒரு பட்டனுக்கு விழுந்தவள் என்பது மட்டும் இப்போதுதான் தெரிகிறது. அதற்கு உன்னை ஆயுசுக்கும் கிண்டல் செய்வேன், தயாராக இரு.

நேற்று அருங்காட்சியகம் போனேன். விட்டுப் போன அந்த ஒரு நாளையும் எழுதிக் கொடுத்தேன். இரண்டு விதமாகவும் எழுதினேன், நான் நினைப்பதையும் அவன் சொன்னதையும். காப்பாளர் அம்மா படித்துவிட்டு, "இதுல எதைப் போடட்டும்?" என்று எழுதிக் காட்டினார். "ரெண்டையும் போடுங்க" என்றேன். ஐந்து தொப்பிகளை அவரிடம் கொடுத்துவிட்டேன். "மூணும் ஏழும்?" என்று அதன் கீழே எழுதினார். "அது குடும்பத்துல இருக்கு" என்றேன். பெட்டியில் இரண்டு இடம் காலியாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

மூன்றாம் எண்ணை அனுப்பாதே. பட்டனை எல்லாம் திரும்ப அதிலேயே போட்டு வை. ஏழாம் எண்ணை நான் எடுத்துக்கொண்டு வருகிறேன், அது பெரிது, உன் கடையில் கொக்கிகள் போட்டுக்கொள்ளலாம்.

வருகிற புதன்கிழமை காலை வண்டி. மேல் பெர்த்துதான் கிடைத்தது, ஏறிக்கொள்வேன். திரும்புவதற்கு டிக்கெட் எடுக்கவில்லை.

ஸ்டேஷனுக்கு வந்து முழங்காலைக் கெடுத்துக்கொள்ளாதே, வழி எனக்குத் தெரியும். நான் கதவைத் தட்டினால் "வா அண்ணா" என்று நீ உள்ளேயிருந்து கூப்பிடுவது எனக்குக் கேட்காது. தெருவிலேயே நின்றுகொண்டிருப்பேன். அதனால் அன்றைக்குக் கதவைத் திறந்தே வை.

அண்ணன்